அடைப்புக்குறிக்குக் காசு இல்லை



கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் கணினியில் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டோம். அதிலிருந்து அலுவலகத்துக்கு வருகிற கடிதங்களில் பெரும்பகுதி எக்செல் கடிதங்கள்தான். பலகாரக் கடைக்காரர், டியூஷன் ஆசிரியை, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும் அம்மா, கல்லூரி மாணவர் என்று எழுதியவர்கள் பலவகை. கேள்வி மட்டும் ஏறக்குறைய ஒன்றே: "எண்களைச் சரியாகத்தான் போட்டேன், விடை ஏன் தப்பாக வருகிறது? கோளாறு கம்ப்யூட்டரிலா, ஃபார்முலாவிலா?"

கம்ப்யூட்டரில் இல்லை. ஒரே கட்டத்துக்குள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாவற்றையும் சேர்த்துப் போடும்போதுதான் பலருக்கும் இடறுகிறது. ஆளுக்கு ஒரு பதில் எழுதி மாளாது என்பதால் இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தையே அதற்குக் கொடுத்துவிட்டேன். அரசியல் அடுத்த மாதம்வரை காத்திருக்கும். அது எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

மூன்று பாட மதிப்பெண்ணுக்குச் சராசரி வேண்டும். 78, 64, 89. வாயால் சொல்லும்போது "மூணையும் கூட்டி மூணால வகு" என்கிறோம். அதையே கட்டத்தில் =78+64+89/3 என்று தட்டினால் 171.67 வருகிறது. எக்செல் முதலில் 89ஐ மட்டும் மூன்றால் வகுத்துவிட்டு, அதன் பிறகே கூட்டுகிறது. =(78+64+89)/3 என்று போட்டால் சரியான விடை 77. பள்ளியில் போட்மாஸ் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த விதிதான். எழுதிய வரிசையில் எக்செல் கணக்குப் போடாது. முதலில் அடைப்புக்குறிக்குள் இருப்பது, பிறகு அடுக்கு, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியாகக் கூட்டலும் கழித்தலும்.

போட்மாஸை மனப்பாடம் செய்தவர்களுக்கே ஒரு சிக்கல் உண்டு. வகுத்தலும் பெருக்கலும் ஒரே தகுதி உடையவை. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் இடமிருந்து வலமாகப் போகவேண்டும். ஒரு பெட்டிக் கடலை மிட்டாய் 600 ரூபாய், பெட்டிக்குள் 12 பாக்கெட், பாக்கெட்டுக்கு 10 மிட்டாய். ஒரு மிட்டாயின் அடக்க விலை காண =600/12*10 என்று ஒருவர் போட்டிருந்தார். விடை 500 ரூபாய். 600ஐ 12ஆல் வகுத்து, வந்த 50ஐப் பத்தால் பெருக்கிவிட்டது. =600/(12*10) என்றால்தான் 5 ரூபாய் வரும்.

எக்செல் போன்ற விரிதாள் மென்பொருள்களில் இந்த வரிசை ஆதியிலிருந்தே இப்படி இருந்ததில்லை. தனிக் கணினிகளுக்கு வந்த முதல் விரிதாள் விசிகால்க். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினும் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி, 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அது மேஜைக் கால்குலேட்டர் மாதிரி இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். 1+2*3 என்று கொடுத்தால் 9 என்று சொல்லும். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3, 1985இல் மெக்கின்டாஷுக்கு வந்த எக்செல் ஆகியவை இயற்கணித வரிசைக்கு மாறின. அவற்றில் விடை 7. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் சாதாரணக் கால்குலேட்டர் இன்றும் விசிகால்க் வழியில்தான் போகிறது. அப்பா கால்குலேட்டரில் ஒரு விடை சொல்கிறார், மகன் கணினியில் வேறொன்று சொல்கிறான், இருவரும் சண்டை போடுகிறார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, இரண்டு பேரும் தட்டியது சரிதான். இரண்டு கருவிகளுக்கும் விதி வேறு.

இதுவரை சொன்ன தவறுகளை நான் நல்ல தவறுகள் என்பேன். மூன்று பாடச் சராசரி 171 என்றாலோ, கடலை மிட்டாய் 500 ரூபாய் என்றாலோ யாரும் ஏமாறமாட்டார்கள். அந்தத் தவறு தானே கத்திக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சத்தம் போடாத தவறுகள்தான் காசைத் தின்பவை. கடிதங்களில் எனக்குக் கவலை தந்ததும் அவைதான்.

பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200க்கு. கணிதம் பி2 கட்டத்திலும் இயற்பியல் சி2விலும் வேதியியல் டி2விலும் இருந்தால் =பி2+(சி2+டி2)/2 என்று எழுதவேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் வேதியியல் மட்டும் பாதியாகும், இயற்பியல் முழுசாகச் சேரும். 98, 92, 95 வாங்கிய பிள்ளைக்கு 237.5 வந்து நிற்கும். இருநூறைத் தாண்டியதால் உடனே தெரிந்துவிடும். அதே ஃபார்முலாவில் 60, 55, 58 வாங்கிய பிள்ளைக்கு 144 வருகிறது. உண்மையில் வரவேண்டியது 116.5. 144 என்பது 200க்கு உட்பட்ட, நம்பக்கூடிய எண். அதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து கனவு கண்டுவிடலாம்.

டியூஷன் ஆசிரியைகளுக்கு ஒரு யோசனை: புது ஃபார்முலா எழுதியதும் மூன்று பாடத்துக்கும் 100 போட்டுப் பாருங்கள். 200 வரவேண்டும். 250 வந்தால் அடைப்புக்குறி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்த எண்களைக் கொடுத்துப் பார்ப்பதைப் போல எளிய சோதனை வேறில்லை.

ஏலச்சீட்டு நடத்தும் குழுவின் கடிதம் இன்னொரு வகை. இருபது பேர், மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. இந்த மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுத்திருக்கிறார். அதில் நடத்துபவரின் கமிஷன், சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 5,000. மீதி 20,000ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 ரூபாய் கசர். ஆகவே ஒவ்வொருவரும் கட்டவேண்டியது 4,000. ஒரே வரியில் =5000-(25000-5000)/20. அடைப்புக்குறி இல்லாவிட்டால் விடை கழித்தல் 20,250 என்று வந்து பயமுறுத்தும்; அது நல்ல தவறு. அந்தக் குழுவின் தாளிலோ =5000-25000/20 என்று இருந்தது. விடை 3,750. குறிகள் எல்லாம் சரி, வரிசையும் சரி, கமிஷனைத்தான் காணவில்லை. இருபது பேரும் 250 ரூபாய் குறைவாகக் கட்டினால் மொத்தம் 5,000 குறையும். அது நடத்துபவரின் கையிலிருந்து போகும். அடைப்புக்குறி தெரிந்தவர்கள்கூட இதில் விழுவார்கள், ஏனென்றால் 3,750 பார்ப்பதற்கு யோக்கியமான எண்.

சதவீதக் குறிக்கு வருகிறேன். கடைக்காரர்கள் இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். பல கால்குலேட்டர்களிலும் கைபேசிகளிலும் 500-10% என்று தட்டினால் 450 வரும். "ஐந்நூறில் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று அவை புரிந்துகொள்கின்றன. எக்செல்லுக்கு அந்த நாசூக்கு கிடையாது. அதற்கு 10% என்றால் 0.1, அவ்வளவுதான். =500-10% என்றால் 499.90. பத்துப் பைசா தள்ளுபடி! 500 ரூபாயில் இது கண்ணில் படும். 20 ரூபாய்ப் பொருளுக்கு 19.90 என்று வந்தால், பொருள்பட்டியலில் நூறு வரிகளுக்கு நடுவே யார் கவனிப்பார்கள்? வரவேண்டியது 18. எழுதவேண்டிய முறை =20*(1-10%).

ஜிஎஸ்டியில் இதைவிடப் பெரிய குழி இருக்கிறது. வரியும் சேர்த்து 1,180 ரூபாய்க்கு விற்ற பொருள், வரி 18 சதவீதம். உள்ளே இருக்கும் வரி எவ்வளவு? =1180*18% என்று போடுபவர்களுக்கு 212.40 கிடைக்கிறது. பொருளின் விலை 1,000, வரி 180, இரண்டும் சேர்ந்து 1,180 என்பதை மறந்துவிட்டு, வரிக்கும் சேர்த்து வரி போட்ட கணக்கு இது. சரியானது =1180-1180/(1+18%), அல்லது இன்னும் சுருக்கமாக =1180*18/118. முதல் வடிவத்தில் அடைப்புக்குறியை மறந்தால் விடை 0.18. சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். 212.40 அப்படிச் சிரிக்கவிடாது. பில்லுக்கு 32 ரூபாய் 40 காசு கூடுதலாக வரிக் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

வரி விகிதத்தை ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 என்ற படிகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 ஆகிய படிகளுக்கு வந்தன. ஏசி விற்பவருக்கு 28 போய் 18 வந்தது. விகிதத்தைத் தனிக் கட்டத்தில் வைத்து ஃபார்முலாக்களை அதைப் பார்க்கச் செய்திருந்தவர் அன்று காலையில் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டுக் கடையைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் 28% என்று தட்டியிருந்தவர் வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். விகிதத்துக்குத் தனிக் கட்டம் வைத்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது அந்தக் கட்டத்தின் முகவரி நகராமல் இருக்க டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள். கணினியில் எஃப்4 விசை அதைச் செய்யும்.

எக்செல்லின் ஓரிரு வினோதங்களையும் மாணவர்களுக்காகச் சொல்லவேண்டும். =-3^2 என்று போட்டால் கணிதப் புத்தகப்படி விடை கழித்தல் 9. எக்செல் 9 என்கிறது. எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் கழித்தல் குறியை அது அடுக்குக்கும் முன்பே எடுத்துக்கொள்கிறது. =10-3^2 என்றால் 1 என்று சரியாகச் சொல்லும், ஏனென்றால் அங்கே இருப்பது இரண்டு எண்களுக்கு இடையிலான கழித்தல். வேடிக்கை என்னவென்றால், அதே எக்செல்லுக்குள் இருக்கும் விபிஏ நிரல்மொழி கணிதப் புத்தகத்தின் பக்கம் நிற்கிறது. =-(3^2) என்று எழுதிவிட்டால் எந்த வம்பும் இல்லை.

இன்னொன்று, 35 முதல் 60 வரை வாங்கியவர்களைப் பிரிக்க =35<=பி2<=60 என்று எழுதுவது. கரும்பலகையில் இது அழகான கணிதம். எக்செல்லோ முதல் பாதியைப் பார்த்து உண்மை அல்லது பொய் என்று முடிவுசெய்துவிட்டு, அந்த உண்மையையோ பொய்யையோ 60உடன் ஒப்பிடும். அதன் சட்டத்தில் உண்மையும் பொய்யும் எல்லா எண்களையும்விடப் பெரியவை. அதனால் யார் எந்த மதிப்பெண் வாங்கினாலும் விடை பொய் என்றே வரும். வகுப்பு முழுக்க ஒருவர்கூட அந்த வரம்பில் இல்லையே என்று வியக்கவேண்டாம். =ஆண்ட்(பி2>=35,பி2<=60) என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

"இதெல்லாம் சின்னக் கடைச் சமாசாரம், பெரிய கம்பெனிகளில் எல்லாம் இப்படி நடக்குமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் லண்டன் பிரிவு 2012இல் கடன் சார்ந்த பந்தயங்களில் சுமார் 620 கோடி டாலர் இழந்தது. லண்டன் திமிங்கிலம் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த விவகாரம். வங்கியே அமைத்த விசாரணைக் குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. ஒரு நாளில் எவ்வளவு வரை நட்டம் வரக்கூடும் என்று மதிப்பிடும் புது மாதிரிக் கணக்கு, வரிசையான எக்செல் தாள்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்கு எண்களைக் கையால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு ஃபார்முலா. புது விகிதத்திலிருந்து பழைய விகிதத்தைக் கழித்து, வந்ததை இரண்டின் சராசரியால் வகுக்கவேண்டும். தாளில் இருந்ததோ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்த கணக்கு.

நம் எண்களில் போட்டுப் பாருங்கள். 100 ஆக இருந்தது 120 ஆகிறது. வித்தியாசம் 20, சராசரி 110. =(120-100)/((120+100)/2) என்றால் 18.18 சதவீதம். உள்ளே இருக்கும் அந்த /2 விட்டுப்போனால் 20ஐ 220 வகுக்கும், 9.09 சதவீதம். ஏற்ற இறக்கம் உள்ளதில் பாதியாகத் தெரியும், ஆபத்தும் குறைவாகத் தெரியும். 620 கோடி டாலரும் இந்த ஒரு வகுத்தலால் போனது என்று யாரும் சொல்லவில்லை. அந்த நட்டத்துக்குப் பேராசையும் மேற்பார்வைக் குறைவும் காரணங்கள். ஆனாலும் எச்சரிக்கவேண்டிய கணக்கு எச்சரிக்காமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அறிக்கையே சொல்கிறது. ஒன்பது சதவீதம் என்பது பார்ப்பதற்கு யோக்கியமான எண், சீட்டுக் குழுவின் 3,750 போலவே.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையும் இப்படித்தான் மாட்டியது. அதிகக் கடன் வாங்கிய நாடுகளின் சராசரி வளர்ச்சி கழித்தல் 0.1 சதவீதம் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49ஆவது வரிசை வரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. அதோடு சில ஆண்டுகளை விட்டது, நாடுகளுக்கு எடை கொடுத்த விதம் ஆகியவற்றையும் திருத்தியபோது, 2013இல் அந்த மாணவரும் அவருடைய பேராசிரியர்களும் சொன்ன விடை 2.2 சதவீதம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, தாளைக் கேட்டதும் கொடுத்தார்களே, அது. கொடுத்ததால்தான் இன்னொரு கண் பார்க்க முடிந்தது.

இன்னொரு கண் பார்க்கக்கூடியபடி எழுதுவதுதான் நான் சொல்லவந்தது. அரைப்பக்கம் நீளும் ஒரே ஃபார்முலாவைப் பெருமையோடு அனுப்பிய வாசக நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எக்செல் ஒரு ஃபார்முலாவில் 8,192 எழுத்துகள் வரை அனுமதிக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக 64 அடுக்குகள் வரை போகலாம். அனுமதி இருக்கிறது, அவசியம் இல்லை. எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் புரியாத ஃபார்முலா கெட்டிக்காரத்தனம் ஆகாது. சீட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டால், தள்ளிய தொகைக்கு ஒரு கட்டம், கமிஷனுக்கு ஒன்று, பங்கிடவேண்டியதற்கு ஒன்று, ஆள் பங்குக்கு ஒன்று, கட்டவேண்டியதற்கு ஒன்று. ஐந்து கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செயல். அடைப்புக்குறியே தேவைப்படாது. கமிஷன் கட்டம் காலியாக இருந்தால் குழுவில் யார் பார்த்தாலும் கேட்பார்கள்.

ஒரே வரியில்தான் எழுதவேண்டும் என்றால் தேவையில்லாத இடத்திலும் அடைப்புக்குறி போடுங்கள். =(பி2*சி2)+(டி2*ஈ2) என்பதில் இரண்டு ஜோடியும் எக்செல்லுக்கு அநாவசியம்; படிக்கிற ஆளுக்கு அவசியம். கணிதம் படித்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அடைப்புக்குறிக்குக் காசு இல்லை. பிறர் எழுதிய நீளமான ஃபார்முலா கையில் வந்தால், கணினியில் அதன் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து எஃப்9 அழுத்துங்கள். அந்தப் பகுதியின் விடை மட்டும் அங்கேயே தெரியும். பார்த்து முடித்ததும் எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வாருங்கள். என்டர் அழுத்தினால் ஃபார்முலா போய் அந்த எண்ணே நிலைத்துவிடும். ஃபார்முலாஸ் பகுதியில் இருக்கும் எவாலுவேட் ஃபார்முலா என்ற வசதி ஒவ்வொரு செயலாக எந்த வரிசையில் நடக்கிறது என்று படிப்படியாகக் காட்டும்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை உங்கள் ஃபார்முலாக்களுக்கு ஒதுக்குகிறோம். அனுப்பும்போது மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: ஃபார்முலா, அது என்ன செய்யவேண்டும் என்று நீங்கள் நினைப்பதைத் தமிழில் ஒரு வாக்கியம், காகிதத்தில் கையால் போட்டுப் பார்த்த ஒரு விடை. தாளில் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் இருந்தால் தயவுசெய்து அழித்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்